பாதி விலைக்கு எண்ணெயா, பாதிக் கடனுக்கு எண்ணெயா?

வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், கரிபியன் பகுதியில் உள்ள பார்படோஸ் என்ற சிறு தீவு நாடு 2005ஆம் ஆண்டில் வெனிசுவேலா கொடுக்க முன்வந்த சலுகை எண்ணெயை ஏன் ஏற்கவில்லை என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். "அது மலிவு எண்ணெய் அன்று, தவணை எண்ணெய், அதனால்தான்" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்குக் கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்களையும் புலனச் செய்திகளையும் பார்த்தபோது, அவசரப்பட்டுவிட்டேன் என்று புரிந்தது. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அதற்கே கொடுக்கிறேன்.

பட்டர்வொர்த்திலிருந்து ஓய்வு பெற்ற கணக்காளர் ஒருவர்: "தவணை எண்ணெய் என்று எளிதாக இகழ்ந்துவிட்டீர்கள். ஒரு விழுக்காடு வட்டிக்கு 25 ஆண்டுக் கடன் கொடுப்பவரை நான் என் பணிக்காலம் முழுவதும் கண்டதில்லை. வாங்கி அப்படியே வங்கியில் நிலையான வைப்பில் போட்டாலும் மூன்று விழுக்காடாவது கிடைக்கும். இதை வேண்டாம் என்பவர் கணக்குத் தெரியாதவர் அல்லவா?"

பதில்: ஐயா, கணக்குத் தெரிந்தவர் என்பதால் உங்களிடம் கணக்காகவே பேசிவிடுகிறேன்.

பெட்ரோகரிபே என்ற பெயரில் வெனிசுவேலாவின் அதிபர் ஊகோ சாவேஸ் இந்த உடன்பாட்டை 2005 ஜூன் 29 அன்று புவெர்தோ லா குரூஸ் நகரில் தொடங்கி வைத்தார். எண்ணெயின் விலையில் அதில் ஒரு சென்கூடக் குறைக்கப்படவில்லை. உலகச் சந்தை விலைதான் பட்டியலில் ஏறும். ஆனால் அந்த விலையில் ஒரு பகுதியை மட்டும் 90 நாளுக்குள் கட்டினால் போதும், மீதியை நீண்ட காலக் கடனாக வைத்துக்கொள்ளலாம். கடனாகும் பகுதி எவ்வளவு என்பதை எண்ணெயின் விலையே முடிவு செய்தது: ஒரு பீப்பாய் 40 டாலரைத் தொட்டால் 30 விழுக்காடு, 50 டாலரைத் தொட்டால் 40 விழுக்காடு, 100 டாலரைத் தொட்டால் 50 விழுக்காடு. விலை 40 டாலருக்கு மேல் இருக்கும்வரை வட்டி 1 விழுக்காடு, காலம் 25 ஆண்டு, முதல் இரண்டு ஆண்டுக்கு அசல் கேட்கமாட்டார்கள். 2008இல் எண்ணெய் விலை உச்சத்திற்குப் போனபோது இந்த அளவுகளைத் திருத்தி, 100 டாலருக்கு மேல் போனால் 60 விழுக்காட்டைக் கடனாக்கலாம் என்றார்கள்.

இப்போது, பீப்பாய் 60 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 36 டாலரை உடனே கட்டுகிறோம்; 24 டாலர் கடன். முதல் இரண்டு ஆண்டு போக, அடுத்த 23 ஆண்டுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 1.20 டாலர் கட்டிவந்தால் கடன் தீர்ந்துவிடும். நீங்கள் சொன்னபடி மூன்று விழுக்காடு தரும் வைப்பில், அந்த 24 டாலரிலிருந்து சுமார் 18.55 டாலரைப் போட்டுவிட்டு மறந்துவிட்டால், அதுவே வட்டியோடு வளர்ந்து எல்லாத் தவணையையும் கட்டிவிடும். மீதி 5.45 டாலர் சுத்தமான இலாபம். வைப்பில் போடாமல், வெளியே 7 விழுக்காட்டிற்கு வாங்க வேண்டியிருந்த வேறொரு கடனை இதைக்கொண்டு தவிர்த்தால் இலாபம் இன்னும் கூடி 12 டாலர் அளவிற்கு வரும். ஆக, 60 டாலர் பீப்பாயில் உண்மையான சலுகை மிகக் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு, மிகுந்தால் ஐந்தில் ஒரு பங்கு. அதுவும் பெரிய தொகைதான், நான் இகழவில்லை. ஆனால் அதைப் பாதி விலை என்று சொல்ல முடியாது.

உங்கள் கணக்கில் பிழை எதுவும் இல்லை. அது எடுத்துக்கொள்ளும் ஓர் ஊகம்தான் எனக்கு இடறுகிறது. 24 டாலர் கைக்கு வந்த அன்றே 18.55 டாலரை எடுத்துப் பூட்டிவைக்கும் நிதியமைச்சர் ஒருவர் இருக்கிறார் என்று அது ஊகிக்கிறது. பழைய தோட்டக் கடைகளின் பற்றுப் புத்தகம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அரிசி, பருப்பு, புளி எல்லாம் மாதம் முழுவதும் எழுதிக்கொண்டு வாங்குவோம். சம்பளம் கைக்கு வந்த அன்று கடைக்காரரிடம் போகாமல் பட்டணத்திற்குப் போய்விட்டால், அன்றைக்கு நாம் செல்வந்தர்தான். எங்கள் தோட்டத்தில் அப்படிச் செல்வந்தரானவர்கள் பலர். அவர்களில் யாருக்கும் கூட்டல் கழித்தல் தெரியாமல் இல்லை.

அப்போது பார்படோஸின் பிரதமராக இருந்த ஓவன் ஆர்தர் ஒரு பொருளியலாளர். இது கடனைப் பெருக்கும் என்ற தயக்கம் அவர் அரசுக்கு இருந்தது. எண்ணெய் விலை ஏற ஏறக் கடனும் ஏறும் என்பதை நினைத்துப் பாருங்கள்: நாடு எந்த ஆண்டில் அதிகம் திணறுகிறதோ, அந்த ஆண்டில்தான் அதிகக் கடன் வாங்கும். பிறகு விலை இறங்கினால் புதிய தவணைப் பணம் வருவது சுருங்கிவிடும், பழைய தவணைகள் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருக்கும். அந்தப் பணத்தைக் கொண்டு சம்பளமும் சாலையும் போட்டுப் பழகிய அரசுக்கு எண்ணெய் விலை இறங்குவதே ஒரு நெருக்கடியாகிவிடும். எண்ணெய் வாங்கும் நாட்டிற்கு இப்படி ஒரு விபரீதம் வேறு எந்த ஏற்பாட்டிலும் வருமா என்று எனக்குத் தெரியவில்லை.

செந்தூல் வாசகி ஒருவர்: "அந்தத் தீவு மக்களுக்குப் பெட்ரோல் நிலையத்தில் விலை குறைந்ததா, இல்லையா? நமக்கு மலேசியாவில் புடி95 உதவித் திட்டத்தின் மூலம் மைகார்ட் அடையாள அட்டையைக் காட்டினால் குறைகிறதே, அதைப் போலவா?"

பதில்: இல்லை அம்மா, இரண்டும் வேறு. புடி95 நம் நாட்டில் 2025 செப்டம்பர் 30 அன்று தொடங்கியபோது ஒரு லிட்டர் ரோன்95 பெட்ரோலை 1.99 ரிங்கிட்டுக்குக் குடிமக்களுக்குக் கொடுத்தார்கள். சந்தை விலைக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை அரசாங்கக் கருவூலம் ஏற்றது. அதாவது, உதவித் தொகை உங்கள் வண்டியின் தொட்டி வரைக்கும் வந்து சேர்கிறது. அது சரியா தவறா என்பது வேறு விவாதம்.

பெட்ரோகரிபேயில் சலுகை கிடைத்தது அரசாங்கத்திற்கு. எண்ணெய் கப்பலில் வந்து இறங்கும். உள்நாட்டு வணிகர்கள் அதற்கு முழு விலை கட்டுவார்கள். வாகனம் வைத்திருப்பவரும் மின்கட்டணம் கட்டுபவரும் முழு விலை கொடுப்பார்கள். அந்தப் பணத்தில் வெனிசுவேலாவிற்கு உடனே கட்ட வேண்டிய பகுதி போக, மீதி அரசின் கையில் நிற்கும். அந்த மீதியைக் கொண்டு விலையைக் குறைப்பதா, பள்ளி கட்டுவதா, பழைய கடனை அடைப்பதா என்பது அவரவர் அரசின் விருப்பம். ஆகவே "மக்களுக்கு மலிவு எண்ணெய்" என்று மேடையில் பேசப்பட்டது பெரும்பாலும் அரசுகளுக்கு எளிய பணமாகவே வந்து சேர்ந்தது.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர் ஒருவர்: "ஹைத்தி நாட்டில் இந்த எண்ணெய்ப் பணத்தால் பெரிய கலவரம் நடந்ததாக எங்கோ படித்தேன். எண்ணெய் கொடுத்ததற்கா கலவரம்?"

பதில்: எண்ணெய் கொடுத்ததற்காக இல்லை. அந்தப் பணம் எங்கே போனது என்று கேட்டு.

ஹைத்தி 2006இல் உடன்பாட்டில் சேர்ந்தது; 2008இல் எண்ணெய் வரத் தொடங்கியது. 2010 ஜனவரியில் அந்த நாட்டின் தலைநகரையே தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்திற்குப் பிறகு, அதுவரையிலான கடனை வெனிசுவேலா தள்ளுபடி செய்தது. இதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் எண்ணெய் தொடர்ந்து வந்தது, தவணைப் பணமும் தொடர்ந்து சேர்ந்தது. ஏறத்தாழ பத்தாண்டில் இப்படிச் சேர்ந்த தொகை சுமார் 200 கோடி டாலர். வீடுகள், சாலைகள், மருத்துவமனைகள், விளையாட்டரங்குகள் என்று காகிதத்தில் நூற்றுக்கணக்கான திட்டங்கள் இருந்தன. தரையில் பலவற்றைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

வெனிசுவேலாவின் எண்ணெய் சுருங்கிப்போன பின், 2018 ஜூலை 6 அன்று ஹைத்தி அரசு பெட்ரோலுக்கு 38 விழுக்காடும் டீசலுக்கு 47 விழுக்காடும் மண்ணெண்ணெய்க்கு 51 விழுக்காடும் விலை உயர்வை அறிவித்தது. அன்று உலகக் கிண்ணக் காற்பந்தில் பிரேசிலும் பெல்ஜியமும் மோதிக்கொண்டிருந்தன. பிரேசில் அணிக்கு ஹைத்தியில் வெறித்தனமான ரசிகர்கள் உண்டு. எல்லாரும் ஆட்டத்தில் மூழ்கியிருக்கும்போது அறிவித்துவிடலாம் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். பிரேசில் தோற்றது, மக்கள் தெருவுக்கு வந்தார்கள். உயர்வு மறுநாளே திரும்பப் பெறப்பட்டது; ஒரு வாரத்தில் பிரதமரும் பதவி விலகினார்.

அதற்கடுத்த மாதம் ஓர் இளைஞர் தம் கண்ணைக் கட்டிக்கொண்டு, "பெட்ரோகரிபே பணம் எங்கே?" என்று அட்டையில் எழுதிப் பிடித்து நிற்கும் படம் ஒன்று சமூக ஊடகத்தில் பரவியது. அந்த ஒரு கேள்வியே இயக்கமாக மாறியது. நாட்டின் தணிக்கை நீதிமன்றம் 2019இல் வெளியிட்ட அறிக்கைகளில், ஒரே சாலைப் பணிக்கு இரண்டு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் கொடுத்துப் பணம் கட்டியதெல்லாம் எழுதப்பட்டிருந்தது.

இங்கே நம் நாட்டையும் சற்று நினைத்துக்கொள்ளலாம். 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஒரே நாளில் ஏறியது. அதுவும் 50 விழுக்காட்டுக்கு மேலான உயர்வுதான். முணுமுணுப்பு இருந்தது, கலவரம் இல்லை. தகுதியுள்ள டீசல் வாகன உரிமையாளருக்கு மாதம் 200 ரிங்கிட் என்ற ஏற்பாட்டை முன்கூட்டியே செய்து வைத்திருந்தார்கள். ஹைத்தியில் அப்படி ஒரு கதவு திறந்திருக்கவில்லை. அதைத் திறக்க வேண்டிய பணம்தான் காணாமல் போயிருந்தது.

பிறை வாசகர் ஒருவர்: "பார்படோஸின் அண்டைத் தீவு நாடான டிரினிடாட்டிடம் சொந்த எண்ணெய் இருக்கிறது. அது சேராததில் வியப்பில்லை. ஆனால் அது எதிர்த்ததற்கும் பார்படோஸ் விலகி நின்றதற்கும் தொடர்பு உண்டா?"

பதில்: நிச்சயமாக உண்டு. பார்படோஸ் சுமார் 430 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. நம் பினாங்குத் தீவைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பினாங்குப் பாலம் இல்லாத, அருகில் பெருநிலமே இல்லாத ஒரு பினாங்கை நினைத்துப் பாருங்கள். மின்சாரமும் போக்குவரத்தும் கப்பலில் வரும் எண்ணெயில்தான் ஓட வேண்டும். பார்படோஸுக்கு நிலத்தடியில் சிறிதளவு எண்ணெய் உண்டு. சொந்தச் சுத்திகரிப்பு ஆலையை 1990களின் இறுதியில் மூடியபின் அதையும் டிரினிடாட்டுக்கு அனுப்பித்தான் சுத்திகரித்து வந்தார்கள். அந்தப் பகுதித் தீவுகள் பலவற்றுக்கும் பெட்ரோலும் டீசலும் டிரினிடாட் அரசு நிறுவனமான பெட்ரோட்ரினின் ஆலையிலிருந்தே வந்தன.

எனவே 2005இல் டிரினிடாட் பிரதமர் பேட்ரிக் மேனிங் சொன்னது பொறாமைப் பேச்சு அன்று. அண்டைத் தீவுகள் எல்லாம் வெனிசுவேலாவுக்குப் போய்விட்டால் என் ஆலையின் சரக்கு வேறு சந்தைக்குப் போகும். நாளை வெனிசுவேலா கையை விரித்தால் அதே பழைய விலைக்கு, அதே பழைய அளவுக்கு நான் திரும்பி வருவேன் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. இதுதான் அவர் பேச்சின் சாரம். சிறு தீவுக்கு இது சாதாரண விஷயமில்லை. சிறிய கப்பலில், சிறிய அளவில், சிறிய துறைமுகத்திற்குக் கொண்டுவரும் எண்ணெய்க்குப் பீப்பாய்க்கு ஏறும் கூலியே அதிகம். வழக்கமாக வந்துபோகும் ஒரு விற்பனையாளரை இழந்தால் புதியவரைப் பிடிப்பது எளிதில்லை. பார்படோஸ் தன் பழைய கடைக்காரரோடு நிற்க முடிவு செய்தது.

ஆனால் அந்தப் பழைய கடையும் நிலைக்கவில்லை. டிரினிடாட்டின் அந்தச் சுத்திகரிப்பு ஆலை 2018 நவம்பரில் மூடப்பட்டது. இப்படி இருபக்கமும் வெட்டும் தகவலை வாசகர்களிடம் மறைக்கக்கூடாது.

புக்கிட் மெர்தாஜாம் வாசகர் ஒருவர்: "ஆதாயம் இல்லாத செட்டி ஆற்றோடு போவானா? வெனிசுவேலாவுக்கு இதில் என்ன கிடைத்தது?"

பதில்: வாக்கு கிடைத்தது. அமெரிக்க நாடுகள் அமைப்பில் ஏறத்தாழ 50,000 பேர் வாழும் செயின்ட் கிட்ஸ் நெவிஸுக்கும் ஒரு வாக்கு, அமெரிக்காவிற்கும் ஒரு வாக்கு. 2017 ஜூனில் கன்கூன் கூட்டத்தில் வெனிசுவேலாவின் உள்நாட்டு நிலைமையைக் கண்டிக்கும் தீர்மானத்திற்கு 23 வாக்கு வேண்டியிருந்தது, 20தான் கிடைத்தது. எதிர்த்த ஐந்தில் மூன்று, செயின்ட் கிட்ஸ் நெவிஸ், டொமினிக்கா, செயின்ட் வின்சென்ட் என்ற சிறு தீவு நாடுகள். எண்ணெய்க்காகத்தான் வாக்களித்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பிற நாட்டு விவகாரத்தில் தலையிடக்கூடாது என்ற கொள்கையும் அவர்களுக்கு உண்டு. ஆனால் கொள்கையும் கடனும் ஒரே பக்கம் சாயும்போது கொள்கையைக் காப்பது கடினமான காரியமாக இருப்பதில்லை.

சாவேஸுக்கு மனிதநேயம் இல்லை என்றும் பொருள் கொள்ள வேண்டாம். அந்தப் பகுதியில் இது புதிய வழக்கமும் இல்லை. 1980இலேயே மெக்சிகோவும் வெனிசுவேலாவும் சான் ஹோசே உடன்பாட்டின் வழி நாளொன்றுக்கு 160,000 பீப்பாய் வரை அண்டை நாடுகளுக்குத் தவணைச் சலுகையில் கொடுத்து வந்தன.

கெப்போங் வாசகி ஒருவர்: "கடனுக்குப் பதில் அரிசி கொடுக்கலாமாமே? கேட்க அழகாக இருக்கிறது. உண்மையா?"

பதில்: உண்மை. தவணையின் ஒரு பகுதியைப் பொருளாகக் கட்டலாம் என்று உடன்பாட்டிலேயே இருந்தது. டொமினிக்கன் குடியரசு அவரை வகைகளைக் கொடுத்தது. மிக விரிவாக இதைச் செய்த நாடு, வெனிசுவேலாவின் அண்டை நாடான கயானா. அதன் நெல் வயல்களில் பெரும்பகுதி, 1838 முதல் கப்பலேறிப் போன இந்தியத் தொழிலாளர் வழிவந்தவர்களின் கையில் இருக்கிறது. அவர்களில் ஒரு பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள். பெர்பிஸ் பகுதியில் மாரியம்மன் வழிபாடு இன்றும் நடக்கிறது. 2009இல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி இவர்களுடைய அரிசி வெனிசுவேலாவுக்குப் போனது, எண்ணெய்க் கணக்கில் கயானாவின் கடன் கழிந்தது. கொடுத்த விலையும் வெளிச்சந்தையைவிட உயர்வு. விவசாயிகள் வயலை விரித்தார்கள், புதிய இயந்திரம் வாங்கினார்கள், ஆலை முதலாளிகள் கடன் எடுத்தார்கள்.

2015 மே மாதத்தில் கயானாவின் கடலில் பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி வந்தது. அந்த மாதமே வெனிசுவேலா அந்தக் கடற்பகுதிக்கு உரிமை கோரி ஆணை வெளியிட்டது; கயானாவின் கையில் உள்ள எசக்கிபோ நிலப்பகுதி தனக்கே உரியது என்ற பழைய வழக்கும் சூடேறியது. அந்த ஆண்டே அரிசி ஏற்பாடு முடிவுக்கு வந்தது. நல்ல விலைக்குப் பழகிய விவசாயி ஒரே பருவத்தில் பழைய விலைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று, இயந்திரக் கடன் மட்டும் அப்படியே நின்றது. இரண்டு அரசுகள் எல்லைக்காகச் சண்டையிட்டதற்கு வயலில் நிற்பவர் வட்டி கட்டினார். எனவே அழகாக இருக்கிறது என்று நீங்கள் சொல்வதை மறுக்கமாட்டேன். சந்தை வாங்குபவருக்குப் பதிலாக ஓர் அதிபர் மாளிகை வாங்குகிறது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பத்து கேவ்ஸ் வாசகர் ஒருவர்: "ஜமைக்கா 1 விழுக்காட்டுக் கடனை அடைக்க 7 விழுக்காட்டுக் கடன் வாங்கியதாக என் மகன் சொல்கிறான். புத்தி கெட்டவர்களா?"

பதில்: மகன் சொல்வது சரிதான், ஆனால் பாதிக் கதை. 2015 ஜூலையில் ஜமைக்கா வெளிநாட்டுச் சந்தையில் 200 கோடி டாலர் கடன் பத்திரங்களை, 6.75 விழுக்காட்டிலிருந்து 7.875 விழுக்காடு வரையிலான வட்டிக்கு, விற்றது. அதில் 150 கோடியைக் கொடுத்து வெனிசுவேலாவிடம் இருந்த ஏறத்தாழ 300 கோடிக் கடனை ஒரேயடியாக முடித்துக்கொண்டது. அதே ஆண்டு ஜனவரியில் டொமினிக்கன் குடியரசு 402.7 கோடிக் கடனை 193.3 கோடிக்கு முடித்தது. இரண்டும் ஏறத்தாழ பாதி.

பட்டர்வொர்த் ஐயாவுக்கு எழுதிய கணக்கை இங்கே திருப்பிப் பாருங்கள். 1 விழுக்காட்டில் 25 ஆண்டு கட்ட வேண்டிய 24 டாலரின் இன்றைய மதிப்பு, 7 விழுக்காடு வட்டி உள்ள உலகில் சுமார் 12 டாலர்தான். ஜமைக்கா கொடுத்ததும் பாதி. ஆகவே ஜமைக்கா ஏமாறவும் இல்லை, ஏமாற்றவும் இல்லை. கடனின் நியாயமான விலையைத்தான் கொடுத்தது. அதற்கு மேல் ஒரு வசதியும் கிடைத்தது: நாட்டின் கடன் பதிவேட்டில், ஆண்டு மொத்த உற்பத்தி மதிப்பின் பத்து விழுக்காடு அளவுக்கு ஒரே நாளில் குறைந்தது. விற்றவருக்கு ஏன் அவசரம் என்று கேட்டால், 2014 நடுவில் 100 டாலருக்கு மேல் இருந்த எண்ணெய் 2015 தொடக்கத்தில் 50 டாலருக்குக் கீழே போய்விட்டது. வெனிசுவேலாவின் தலைநகர் காரகாஸுக்கு நாளைய இரண்டு டாலரைவிட இன்றைய ஒரு டாலர் தேவைப்பட்டது.

தவணைப் பணத்துக்கென்று தனி நிதியம் ஒன்றை 2006இலேயே அமைத்து, அதைக் கணக்கு வைத்துக் கடனாகவும் திட்டமாகவும் ஒதுக்கி வந்த நாடு ஜமைக்கா. ஹைத்தியோடு ஒப்பிட இது போதும்.

ஆயர் ஈத்தாமிலிருந்து படிவம் ஆறு மாணவி ஒருவர்: "எங்கள் பள்ளியில் விவாதப் போட்டி. 'சிறிய தீவு நாடு சலுகை எண்ணெய் உடன்பாட்டை ஏற்க வேண்டும்' என்பது தலைப்பு. எந்தப் பக்கம் பேசினால் வெல்லலாம் என்று சொல்லுங்கள், ஐயா."

பதில்: தங்கையே, எந்தப் பக்கம் சீட்டு விழுகிறதோ அந்தப் பக்கம் பேசு. ஆனால் இரண்டு பக்கத்தின் வலிமையையும் தெரிந்துகொண்டு போ.

ஏற்க வேண்டும் என்று பேசினால், முதலில் எண்ணெய்க்காக மட்டும் பேசாதே. அந்த உடன்பாடு டொமினிக்கா, செயின்ட் வின்சென்ட் போன்ற தீவுகளில் எண்ணெய் தேக்கும் தொட்டிகளைக் கட்டித் தந்தது. தேக்க இடமில்லாத தீவு, விலை ஏறிய வாரத்திலும் வாங்கித்தான் ஆக வேண்டும். இடமுள்ள தீவு சிறிது காத்திருக்கலாம். கடன் மறையலாம், தொட்டி மறையாது. வெனிசுவேலா 2022இல் செயின்ட் வின்சென்டின் கடனை முழுவதும் தள்ளுபடி செய்ததையும், கிழக்குக் கரிபியன் நாடுகளின் கடனில் பாதியைக் கழித்ததையும் எடுத்துச் சொல். எதிரணி பார்படோஸைத் தூக்கிப் பிடித்தால், பெட்ரோகரிபே கடன் ஒரு சென்கூட வாங்காத அதே பார்படோஸின் கடன் உற்பத்தி மதிப்பில் 150 விழுக்காட்டுக்கும் மேல் போய், 2018 ஜூனில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நிறுத்தியதை நினைவூட்டு. ஒரு கடனை வேண்டாம் என்று சொன்னதால் ஒரு நாடு சிக்கனமாகிவிடாது.

எதிர்த்துப் பேசினால், தள்ளுபடியை நம்பி யாரும் கையெழுத்துப் போடுவதில்லை என்று தொடங்கு. கொடுப்பவரின் கிணறு வற்றும் என்பதைக் காட்டு: பத்தாண்டுக்கு மேலாக நாளொன்றுக்கு 20 இலட்சம் பீப்பாய்க்கும் அதிகமாக எடுத்துக்கொண்டிருந்த வெனிசுவேலா 2019இல் 10 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது, அந்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்கா அதன் அரசு எண்ணெய் நிறுவனத்தின்மீது தடை விதித்தபின், தவணை கட்ட விரும்பிய நாடுகளுக்குக்கூடப் பணத்தை எந்த வங்கி வழியாக அனுப்புவது என்பதே சிக்கலாயிற்று. 25 ஆண்டுக் கடன் கொடுத்த உடன்பாட்டுக்குப் பதினான்காம் ஆண்டிலேயே இந்த நிலை.

பிறகு, இதுதான் உன் நல்ல அம்பு: எண்ணெயை எப்படி வாங்குவது என்பதை விட்டு, எவ்வளவு வாங்குவது என்ற கேள்விக்குப் போ. பார்படோஸ் 1970களில், உலகையே எண்ணெய் விலை உலுக்கிய நாளில், வெயிலில் நீரைச் சூடாக்கும் கருவிகளுக்கு வரிச் சலுகை கொடுத்தது. இன்று அந்தத் தீவின் வீட்டுக் கூரைகளில் அந்தக் கருவி சாதாரணக் காட்சி. அதைச் செய்யும் தொழிற்கூடங்களும் உள்ளூரிலேயே வளர்ந்தன. சூடுநீருக்காக எரியாத எண்ணெய்க்கு எந்த அதிபரிடமும் தவணை கேட்க வேண்டியதில்லை. எண்ணெய்ச் சலுகை தாராளமாக வந்துகொண்டிருந்த தீவுகளில் இப்படிப்பட்ட மாற்றத்துக்கு அவசரம் குறைந்தது என்று நீ வாதிடலாம். நடுவர் கேட்டால், அது உன் கருத்து என்று ஒப்புக்கொள்.

எந்தப் பக்கமானாலும் ஒரு கேள்வியை உன் கையில் வைத்திரு: தவணைப் பணம் எந்தக் கணக்கில் போகும், அந்தக் கணக்கை ஆண்டுதோறும் யார் தணிக்கை செய்து நாடாளுமன்றத்தில் வைப்பார்? எதிரணியால் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை என்றால் ஹைத்தியைப் பேசு. சொல்லிவிட்டால் ஜமைக்காவுக்கு வந்துவிடு.

போட்டி எந்தத் தேதி என்று நீ எழுதவில்லை. முடிந்ததும் எந்தப் பக்கம் விழுந்தது, யார் வென்றார்கள் என்று ஒரு வரி எழுதிப் போடு. அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.